ஆறு ஐம்பத்தைந்து

மார்ச் 29, சனி

இன்று மூன்று போன். முதல் ஆள் பார்த்தது வியாழன் கிரகம். இரண்டாவது ஆள் பார்த்தது சிட்னியிலிருந்து வரும் விமானம். வாரத்தில் பாதி நாள் அதே நேரத்துக்கு வருகிறது, பிறந்ததிலிருந்து பார்த்திருப்பார். மூன்றாவது ஆளுக்குத் தான் பார்த்தது எந்தத் திசை என்றே தெரியவில்லை. "கடல் பக்கம்" என்கிறார். தீவில் எந்தப் பக்கம் கடல் பக்கம் இல்லை?

ஆஸ்திரேலியாவின் இந்த லார்ட் ஹவ் தீவில் மொத்தம் நானூறு பேர்கூட இல்லை. அத்தனை பேருக்கும் நான் 'ஸ்புட்னிக்'. உலகின் முதல் செயற்கைக்கோளின் பெயரை எனக்கு வைத்தது டெஸ். வீடு கட்டுகிறவர், கடல் மீட்புப் படகை ஓட்டுகிறவரும் அவர்தான். என் பெயர் ரீஸ் என்பதை ஊர் மறந்தே போய்விட்டது. பகலில் வானிலை நிலையத்தில் கருவிகளைப் பார்க்கிறேன். இருட்டியதும் செயற்கைக்கோள் பார்க்கிறேன். இரண்டையும் விட்டால் இங்கே செய்ய என்ன இருக்கிறது? நடந்தால் ஒரு மணி நேரத்தில் சாலை தீர்ந்துவிடும்.

கடைப் பலகையில் இன்று ஒரு தாள் ஒட்டினேன். 'வெளிச்சம் பார்த்தால்: வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். மணியைக் குறியுங்கள். அதற்குப் பிறகு எனக்குப் போன் செய்யுங்கள்.' குறைந்தது மணியாவது சொல்வார்கள். மணி இல்லாமல் ஒரு புள்ளி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு நொடி தப்பினால் செயற்கைக்கோள் ஏழரை கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். இது யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை.

பணிக்காலம் ஜூன் முப்பதோடு முடிகிறது. இன்னும் தொண்ணூற்று மூன்று நாள்.

ஏப்ரல் 2, புதன்

'அனாதை' மறுபடி வந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத புள்ளி, இது மூன்றாவது முறை. இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே புகுந்த கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அரசாங்கங்கள் சொல்லாமல் ஏவியவற்றை உலகத்தில் சில டஜன் பேர் இப்படித்தான் கணக்குப் போட்டுப் பிடிக்கிறார்கள். தென் பசிபிக்கில், இந்தப் பக்கத்தில், நான் ஒருவன்தான். இன்னும் இரண்டு நல்ல இரவு கிடைத்தால் பாதையைக் கட்டிவிடுவேன்.

தூக்கம் வரவில்லை. காலையில் டெஸ், "என்னடா ஸ்புட்னிக், கண்ணு ரெண்டும் நண்டு மாதிரி இருக்கு" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோடைக்காக அக்டோபரில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்த 'கோடை நேரம்' இன்று முடிந்தது. ஊர் உலகம் எல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும், இந்தத் தீவு மட்டும் அரை மணி. யார் மூளையில் உதித்ததோ. நேற்றுவரை எங்களுக்கும் சிட்னிக்கும் ஒரே நேரம். இன்றிலிருந்து நாங்கள் சிட்னியைவிட அரை மணி முந்தி. சிட்னி வானொலியின் ஆறு மணிச் செய்தி இனி இங்கே ஆறரைக்கு வரும்.

அரை மணி என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை. ஒரு மணி நேரம் என்றால் எழுந்து மாற்றுவார்கள். கடையில் இன்னும் பழைய நேரம் ஓடுகிறது. தேவாலயத்தில் பாதிப் பேர் கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார்களாம். "அரை மணிதானே, அது பாட்டுக்கு வந்து சேர்ந்துக்கும்" என்று டெஸ் சிரிக்கிறார்.

எனக்குக் கவலை இல்லை. என் வேலை முழுக்க உலக நேரத்தில். அது பின்னாலும் போகாது, முன்னாலும் போகாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. 6.55-க்கு விண்வெளி நிலையம். வடமேற்கில் கிளம்பி, தலைக்கு மேல் வந்து, தென்கிழக்கில் பூமியின் நிழலுக்குள் போகும்போது சிவந்து அணைந்தது. அது வெறும் கை பழக்க. அசல் வேலை 7.12-க்கு, அனாதை. வந்தது. பிடித்தேன். ஆனால் கணக்கு உட்காரவில்லை, நான்கு நொடி எங்கோ உதைக்கிறது. எட்டரை வரைக்கும் தாளைக் கிறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன்.

வெர்னா. கிழக்கு மேட்டில் இருக்கும் விடுதியின் சமையல்காரி. ஐம்பது வயது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்கிற வழக்கம் கிடையாது.

"கண்ணு, சிவப்பா ஒரு வெளிச்சம் பார்த்தேன். தென்கிழக்குல, கடலுக்கு மேல. மெதுவா இறங்கி அணைஞ்சு போச்சு. நீ ஒட்டியிருந்தியே, அதே மாதிரி விளக்கை அணைச்சுட்டுத்தான் பார்த்தேன். மணியும் பார்த்தேன், ஆறு ஐம்பத்தஞ்சு. சூப்பு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, ரேடியோல செய்திகூட இன்னும் ஆரம்பிக்கல, அப்பத்தான்..."

இடையில் வெட்டினேன். வெட்டாவிட்டால் சூப்பில் என்னென்ன போட்டார் என்பதுவரை போகும். விண்வெளி நிலையம், நானும் பார்த்தேன், அதே நேரம், அதே திசை, அதே சிவப்பு என்று சொன்னேன்.

"இறங்கிச்சேப்பா?"

"தூரமாப் போறது எதுவும் இறங்குற மாதிரித்தான் தெரியும், வெர்னா."

"சரி. நீ படிச்ச பையன்" என்று வைத்துவிட்டார்.

பத்து நிமிடம் போகவில்லை, பிரியோனி. கார்த்தின் மனைவி. கார்த் மத்தியானம் தனியாகப் படகு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். வடக்குப் பக்கத்துக் குட்டித் தீவுகளின் மறைவில் நங்கூரம் போட்டுத் தூங்கி, விடியலில் மீன் பிடித்து, நாளை மத்தியானம் திரும்புவான். எப்போதும் செய்வதுதான். வெர்னா சொல்லித் தெரிந்து கூப்பிட்டிருக்கிறாள். அது உதவி கேட்டு ஏவுகிற ஃபிளேர் இல்லையே என்று கேட்டாள். கார்த் வடக்கே இருக்கிறான், வெளிச்சம் தென்கிழக்கே என்றேன். உறுதிதானா என்றாள்.

"நொடி சுத்தமாச் சொல்றேன். போய்த் தூங்குங்க."

டெஸ்ஸும் கேட்டார், அவருக்கும் அதையே சொன்னேன். ஒரே பதிலை மூன்று தடவை. நான்கு நொடி இன்னும் உதைக்கிறது.

ஏப்ரல் 9, புதன், மாலை 4

கார்த் மத்தியானம் வரவில்லை. ரேடியோவில் பதில் இல்லை. டெஸ் படகை எடுத்துக்கொண்டு வடக்கே போயிருக்கிறார். கார்த்தின் அவசர பீக்கன், அழுத்தினால் எங்கிருந்தாலும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி, பேட்டரி மாற்றக் கழற்றியபடியே அவன் கொட்டகையில் கிடக்கிறதாம். பிரியோனி போய்ப் பார்த்து எடுத்து வந்திருக்கிறாள். கையில் வைத்துக்கொண்டே துறையில் நிற்கிறாள்.

இன்ஜின் கோளாறாக இருக்கும். வேறென்ன.

ஏப்ரல் 9, இரவு

எழுதியே ஆக வேண்டும்.

ஐந்தரைக்கு டெஸ் ரேடியோவில் கூப்பிட்டார். வடக்கே ஒன்றும் இல்லை. நாளை காலை சிட்னியிலிருந்து தேடும் விமானம் வருகிறது. அதற்குள் நேற்றைய வெளிச்சம் பற்றி இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, அந்தக் கேள்வியை மூடிவிடலாம் என்றார். எழுதுவதென்றால் சரியாக எழுத வேண்டும். திசையை டிகிரியில் குறிக்க வெர்னாவின் சமையலறைக்குப் போனேன். காம்பஸ் கொண்டு போனேன். அவ்வளவுக்கு ஒழுங்கானவன் நான்.

வெர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வானொலியில் மணி ஒலித்தது. சிட்னியின் ஆறு மணிச் செய்தி. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறரை. அடுப்புக்கு மேல் சுவரைப் பார்த்தேன்.

ஏழு.

"இது... மாத்தலையா?"

"எதை?"

"கடிகாரத்தை."

"அதுவா. ஸ்டூல் போட்டு ஏறணும். அக்டோபர்ல தானா சரியாயிடும்."

செய்திகூட இன்னும் ஆரம்பிக்கல. சொன்னாரே. சொல்லிக்கொண்டுதானே இருந்தார். நேற்று நிஜமாகவே 6.55 என்றால் செய்தி ஆரம்பித்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். அவர் பார்த்தது 6.25-க்கு. அந்த நேரத்தில் தென்கிழக்கில் எதுவும் இல்லை. பட்டியல் எனக்கு மனப்பாடம். பார்க்கவே வேண்டாம். பார்த்தேன். எதுவும் இல்லை.

ஒரு நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். ஆயிரத்து எண்ணூறு நொடியை முழுங்கியிருக்கிறேன். அந்த அம்மா வாயைத் திறந்து சொல்லச் சொல்ல...

அப்புறம் செய்தது: வெர்னாவை நேற்று நின்ற இடத்திலேயே நிற்க வைத்தேன். எரிவாயுக் கொட்டகைக் கூரையின் முனைக்கும் இரண்டாவது பனைக்கும் நடுவில் என்றார். காம்பஸில் 142. உயரம் எவ்வளவு என்றேன். கையை நீட்டிச் சுண்டுவிரலைக் கடல் கோட்டின் மேல் படுக்க வைத்தார். "இதைவிடக் கொஞ்சம் மேல" என்றார். பாராசூட்டில் தொங்கி மெதுவாக இறங்கும் ஃபிளேர் முந்நூறு மீட்டர் ஏறும். அப்படியானால் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. வெர்னாவுக்கு நான் ஏன் ஓடுகிறேன் என்று புரிந்துவிட்டது. உரித்த கிழங்கைக் கையில் வைத்தபடியே வாசல்வரை வந்தார்.

டெஸ் படகுக் கொட்டகையில் வரைபடத்தை விரித்து வடக்கே கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டம்தான் காலையில் விமானத்துக்குப் போகும். கார்த் வடக்கே இல்லை, தென்கிழக்கே போயிருக்கிறான், அந்தப் பக்கம் கடலுக்குள் நிற்கும் பிரமிட் பாறையை நோக்கி. நேற்று பார்த்தது ஃபிளேர் என்றேன். காற்று வடமேற்கிலிருந்து வீசுகிறது, எங்கள் நிலையத்தின் அளவு கையில் இருக்கிறது. இன்ஜின் இல்லாத படகு நாளைக் காலைக்குள் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தென்கிழக்கே தள்ளிப் போயிருக்கும் என்றேன்.

டெஸ் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நேத்து சாட்டிலைட்டுன்ன."

"தப்பு."

"நொடி சுத்தமான்னு சொன்ன."

"தப்புங்கிறேன்ல. இப்பச் சொல்றதுதான் சரி."

"தப்பாச் சொன்னப்பவும் இதே குரல்லதான் சொன்ன."

இருப்பது ஒரே விமானம். நாள் முழுக்கப் பறக்க எரிபொருள் அதற்கு இல்லை. வடக்கே அனுப்பி அவன் தெற்கே இருந்தாலும் போச்சு, தெற்கே அனுப்பி அவன் வடக்கே இருந்தாலும் போச்சு. என் வாயை நம்பி ஒரு ராத்திரியை ஏற்கனவே தொலைத்தாயிற்று. எனக்கே என்னை நம்பத் தோன்றவில்லை.

"என்னை நம்ப வேணாம். வெர்னாவுக்குப் போன் போட்டு மணி மட்டும் கேளுங்க."

போட்டார். கேட்டார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஏழு பத்து. வெர்னா சொன்னது ஏழு நாற்பது. போனை வைத்தார்.

"என் வீட்டு அடுப்புல இருக்கிற கடிகாரத்தையும் இன்னும் மாத்தல" என்றார். பிறகு ரப்பரை எடுத்து, வடக்கே போட்ட கட்டத்தை அழித்தார். நான் புது இடத்தைக் காட்டினேன். அழுத்தமாகப் போட்டார்.

கிளம்பும்போது, "பிரியோனிகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

போனேன். கதவைத் திறந்து நின்றாள். சொல்லி முடிக்கும்வரை இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் என்னை அவ்வளவு முழுசாகப் பேச விட்டதில்லை.

"என்னைத் தூங்கச் சொன்ன" என்றாள். "நான் தூங்கினேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 10, வியாழன், காலை 9

விமானம் 7.40-க்குத் தலைக்கு மேல் போனது. தென்கிழக்கே. டெஸ்ஸின் படகு விடியலிலேயே கிளம்பிவிட்டது. என்னையும் கூட்டிப் போங்கள் என்றதற்கு, "நீ அங்க வந்து என்ன செய்வ? காத்தைப் பார்த்துச் சொல்லு" என்றார். அரை மணிக்கு ஒருமுறை காற்றைச் சொல்கிறேன். அரை மணி. இனி இந்தச் சொல்லை நான் எப்படிச் சொல்வேன்.

காற்று இப்போது கொஞ்சம் மேற்கிலிருந்து வீசுகிறது. கட்டத்தைக் கிழக்கே இழுக்கச் சொன்னேன். சொல்லும்போது குரல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பார்த்தேன். அதே குரல்தான். வேறு குரல் என்னிடம் இல்லை.

அதே நாள், 1.20

ஒன்றும் இல்லை. அழித்து மறுபடி போட்டேன். அதே இடம்தான் வருகிறது. நடந்து நடந்து நிலையத்துப் புல்லில் தடம் விழுந்துவிட்டது.

நீரோட்டத்தைத் தப்பாகப் போட்டிருந்தால்? வெர்னாவின் சுண்டுவிரல் என் விரல் இல்லையே. விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேர எரிபொருள்தான்.

அதே நாள், 2.05

பார்த்துவிட்டார்கள். படகு கவிழவில்லை. ஆள் கையசைக்கிறான். ஒரு கையை.

ஏப்ரல் 11, வெள்ளி

டெஸ் சொல்லித் தெரிந்தது. செவ்வாய் மத்தியானம் வடக்கே மீன் கடிக்கவில்லை, கார்த் யாரிடமும் சொல்லாமல் பிரமிட் பாறைக்குப் போயிருக்கிறான். நங்கூரக் கயிறு புரொப்பெல்லரில் சிக்கியது. குனிந்து விடுவிக்கும்போது அலை படகை இழுக்க, கயிறு இடது கை விரல்களில் சுற்றி இறுகியது. மறு கையால் கயிற்றை அறுத்துக்கொண்டான். அதற்குள் பின்பக்கம் தண்ணீர் ஏறி பேட்டரி போச்சு, ரேடியோ போச்சு.

நேற்று ராத்திரி சிட்னி மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டு போனார்கள். பிரியோனியும் போனாள். விமானத் திடலில் என்னைத் தாண்டித்தான் நடந்தாள். டெஸ்ஸிடம் நன்றி சொன்னாள். விமானிகளிடம் சொன்னாள். பெட்ரோல் ஊற்றிய பையனிடம்கூடச் சொன்னாள்.

ஏப்ரல் 14, திங்கள்

இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாமாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கடைப் பலகையில் ஒட்டிய தாளைக் கிழிக்கப் போனேன். யாரோ ஏற்கனவே கிழித்துவிட்டார்கள். நான்கு மூலையிலும் டேப் மட்டும் இருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

யாரும் எதுவும் சொல்வதில்லை. ஸ்புட்னிக் என்றும் கூப்பிடுவதில்லை. கடைக்காரர் இன்று "ரீஸ்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 23, புதன்

இரண்டு வாரமாக வானம் பார்க்கவில்லை. ஒரு போன் கூட இல்லை.

மே 3, சனி

வெர்னா வாசலில் ஒரு டப்பா சூப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார். பூசணி. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கடிகாரத்தைச் சரி செய்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"மாத்தினா எல்லாரும் மறந்துடுவாங்க. நீயும் மறந்துடுவ, நானும் மறந்துடுவேன். இருக்கட்டும். வர்றவங்களுக்கு நான் கணக்குச் சொல்லிக்கிறேன்."

பிறகு, தன்மேலும் தப்பு இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கணுமோ என்று. இல்லை, நீங்கள் முழுசாகச் சொன்னீர்கள், நான்தான் பாதியில் நிறுத்தினேன் என்றேன். அன்று அவர் சொல்லாமல் விட்ட மீதியைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். நாற்பது நிமிடம் ஆனது. சூப்பில் என்ன போட்டார் என்பதும் அதில் இருந்தது.

மே 17, சனி

கார்த் வந்துவிட்டான். விமானத்தில் இறங்கியதை நிலையத்திலிருந்து பார்த்தேன். போகலாமா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம். போனேன்.

கொட்டகையில் பலகைமேல் உட்கார்ந்து, தூண்டில் முள்ளில் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தான். இடது கையில் மூன்று விரல். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. நான் நிற்பதைப் பார்த்து, காலால் ஒரு வாளியைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினான். உட்கார்ந்தேன்.

சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். பாதியில் நிறுத்தினான். டெஸ் எல்லாம் சொல்லிவிட்டாராம்.

"ரெண்டு விரல். விடு, பியானோ வாசிக்கிற ஆளா நான்" என்றான். சிரிப்பதா என்று தெரியவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

முடிச்சு மறுபடி நழுவியது. தலை நிமிராமலே பேசினான்.

"என்கிட்ட மூணு ஃபிளேர் இருந்துச்சு. முதல்ல ஒண்ணு போட்டேன். போட்டதும் மேட்டுல ஒரு ஜன்னல் வெளிச்சம் அணைஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எரிஞ்சுது. பார்த்துட்டாங்க, பார்த்துட்டேன்னு பதில் சொல்றாங்கன்னு நினைச்சேன். அதனால மிச்சம் ரெண்டையும் எடுத்து வச்சுட்டேன். படகு கிட்ட வர்றப்ப காட்டலாம்னு."

விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். நான் எழுதி ஒட்டியது.

விடியும் முன் இரண்டாவதைப் போட்டிருக்கிறான், ஊரே தூங்கிக்கொண்டிருந்த நேரம். மூன்றாவது நனைந்து போயிருந்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தான்.

"உன் விண்வெளி நிலையத்தை நானும் பார்த்தேன், தெரியுமா? படகுக்குள்ள மல்லாந்து கெடந்தேன். ஃபிளேர் போட்டு அரை மணி இருக்கும். தலைக்கு மேல போச்சு. நல்லா இருந்துச்சு. அதுல இருக்கிறவனாவது என்னைப் பார்க்கிறானான்னு கையைக் கூட ஆட்டினேன்."

அதே நிமிடம் நான் ஸ்டாப்வாட்சோடு கீழே நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முள்ளை என்னிடம் நீட்டி, இந்த முனையைப் பிடி என்றான். பிடித்தேன். முடிச்சு விழுந்தது. பிரியோனி கொட்டகை வாசல்வரை வந்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

ஜூன் 12, வியாழன்

அனாதையைச் செக் நாட்டில் ஒருவர் பிடித்துவிட்டார். பழைய ராக்கெட்டின் மேல் பாகம். ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். ஜூலையில் சிட்னிக்கு வரலாம், அல்லது இங்கேயே இன்னொரு வருடம். ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டுமாம்.

ஜூன் 18, புதன்

சனிக்கிழமை தோறும் கார்த்தின் கொட்டகை. அவன் கட்டுகிறான், நான் முனையைப் பிடிக்கிறேன். இன்று முதல் தடவையாக, "நீ விடு, நானே போடறேன்" என்று சனிக்கிழமை அல்லாத நாளில் கூப்பிட்டுக் காட்டினான். ஏழாவது முயற்சியில் நின்றது.

கடிதம் இன்னும் மேஜையில். நாளை கடைசி நாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

மறுபடி கோடை நேரம். அரை மணி முன்னால். காலையில் சைக்கிளில் ஒரு சுற்று போய் எல்லார் கடிகாரத்தையும் மாற்றி வைத்தேன். கடை, தேவாலயம், டெஸ் வீட்டு அடுப்பு. திட்டிக்கொண்டே விட்டார்கள். டெஸ், "அடுப்புக்கும் உலக நேரம் வச்சுட்டுப் போயிடாதடா, ஸ்புட்னிக்" என்றார்.

கடைசியாக வெர்னா. ஸ்டூல் தேவைப்படவில்லை. அடுப்புக்கு மேலே 11.20, என் கையில் 11.20.

"பார்த்தியா. அது இருந்த இடத்துலயேதான் இருந்துச்சு. நீங்கதான் ஊரைச் சுத்திட்டு வர்றீங்க" என்று காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

மாலை 7.08-க்குப் போன் அடித்தது. பிரியோனி. ஏப்ரலுக்குப் பிறகு அவள் குரலை நான் போனில் கேட்டதில்லை. கார்த் இன்று மத்தியானம் தனியாகக் கடலுக்குப் போயிருக்கிறான், விரல் போன பிறகு முதல் தடவை. எனக்கும் தெரியும். காலையிலிருந்து அந்தப் பக்கக் காற்றை நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

"கிழக்கே ஒரு வெளிச்சம். நீ கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், புது நேரம். ஏழு ஆறு."

பட்டியல் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. வாய்வரை வந்தது.

"விளக்கை அணைக்காதீங்க" என்றேன். "இதோ வர்றேன்."

சைக்கிளை மிதித்தேன். அவள் வெளியே நின்றிருந்தாள், வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. எங்கே ஆரம்பித்தது, எந்த நிறம், எப்படிப் போனது, எல்லாவற்றையும் கேட்டேன். சொல்லி முடிக்கும்வரை நின்றேன். சமையலறை ரேடியோவில் கார்த்தைக் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டாள். இரண்டாவது முறைக்கு எடுத்தான். மீன் கடிக்கிற நேரத்தில் என்ன தொல்லை, அந்த வானத்துக்காரன் அங்கே வந்திருக்கிறானா என்று கேட்டான்.

ஆமாம் என்றாள் பிரியோனி. ரேடியோவை வைத்தாள். என்னைப் பார்த்து, "டீ குடிக்கிறியா?" என்றாள்.

7.06, புது நேரம். தென்மேற்கிலிருந்து கிழக்கே. ராக்கெட்டின் மேல் பாகம், பழையது. பார்த்தது: பிரியோனி. சரிபார்த்தது: கார்த், ரேடியோவில், 7.24.